சும்மா பார்த்த பிரெஞ்சுக்காரர்

ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் ஒரகடம் கூட்ரோட்டில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து திரும்பிக்கொண்டே இருக்கும். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்குகிற பையன்கள். காதில் இயர்போனோடு வெளியே வெறித்துப் பார்க்கிற பெண்கள். கழுத்தில் ஐ.டி. கார்டு, காலில் கனமான சேஃப்டி ஷூ. ஒரு பஸ் உத்திரமேரூர் போகும். இன்னொன்று காஞ்சிபுரம். வேறொன்று செய்யாறு தாண்டி எங்கோ ஒரு கிராமத்து ஆலமரத்தடி வரை போய்த் திரும்பும்.

அப்படி ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான் என் நண்பரின் அக்கா பையன். வந்தவாசிப் பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல். இந்தப் பகுதியில் ஒரு கார் கம்பெனியில் (பெயர் வேண்டாம்) ஒன்றரை வருஷமாக வேலை. டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"உள்ளே எப்படித்தான் இருக்கும்? ஒரு போட்டோ காட்டேன்" என்றேன்.

சிரித்தான். "போட்டோவா? கேட்லயே போன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க மாமா. வெளிய வரும்போதுதான் பிரிக்கணும்."

போனைத் திருப்பிக் காட்டினான். பிரித்த ஸ்டிக்கரின் பிசின் லென்ஸைச் சுற்றி வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"சரி, உன் வேலை என்ன?"

"பின்னாடி டோர்ல ஒயரிங் மாட்டறது. ரைட் சைடு. லைன் ஊர்ந்துகிட்டே இருக்கும். ஒரு வண்டிக்கு ஒரு நிமிஷம் சொச்சம்."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த வண்டி."

அவனுடைய அம்மாவுக்குப் பையன் என்ன வேலை செய்கிறான் என்று இன்றுவரை சரியாகத் தெரியாது. 'காரு கம்பெனி' என்பார். அவ்வளவுதான். தினமும் எட்டு மணி நேரம் மகன் எங்கே நிற்கிறான், கை என்ன செய்கிறது, முகம் எப்படி இருக்கிறது... அதைப் பெற்றவள் பார்த்ததே இல்லை. நானும் பார்த்ததில்லை. நீங்களும்தான்.

அந்த ஸ்டிக்கர்தான் எனக்கு ஒரு பிரெஞ்சுக்காரரை ஞாபகப்படுத்தியது. பெயர் லூயி மால். சினிமா டைரக்டர். 1968-ல் நம்ம மதராஸுக்கு வந்து தெருத்தெருவாக கேமராவோடு அலைந்தவர். நாலு வருஷம் கழித்து பிரான்ஸில் ஒரு கார் தொழிற்சாலைக்குள் அதே மாதிரி நுழைந்து, அசெம்பிளி லைன் முன்னால் நின்று, பேசாமல் பார்த்தவர்.

தொழிற்சாலை அவருக்குப் புதிதில்லை. சொல்லப்போனால் அவர் முதலாளி வீட்டுப் பிள்ளை!

வடக்கு பிரான்ஸில் துமெரி என்று ஒரு சின்ன ஊர். அங்கே பேகின் குடும்பத்தின் சர்க்கரை ஆலை இருந்தது. பிரான்ஸில் அந்தக் குடும்பத்தின் சர்க்கரையைத் தெரியாதவர்கள் குறைவு. அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு 1932 அக்டோபர் 30-ம் தேதி பிறந்தவர் லூயி மால். வீட்டில் பணத்துக்குப் பஞ்சமில்லை. பையன் படித்து ஆலையைப் பார்த்துக்கொள்வான் என்று எதிர்பார்த்திருப்பார்கள். பையனோ சினிமா பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்ந்தார். (நம்மூர் மில் முதலாளி வீட்டில் இது நடந்திருந்தால் என்ன ரகளை ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!)

அதற்கு முன்னால் ஒரு சம்பவம். 1944 ஜனவரி. பிரான்ஸ் ஜெர்மன் படைகளின் பிடியில் இருந்த காலம். ஃபோன்தேன்ப்ளோ பக்கத்தில் அவோன் என்ற ஊரில் கத்தோலிக்கத் துறவிகள் நடத்திய விடுதிப் பள்ளியில் மால் படித்துக்கொண்டிருந்தார். வயது 11. ஒரு நாள் ஹிட்லரின் ரகசிய போலீஸான கெஸ்டபோ பள்ளிக்குள் நுழைந்தது. தலைமை ஆசிரியரான பாதிரியார், மூன்று யூதப் பையன்களுக்கு வேறு பெயர் கொடுத்து மாணவர்களோடு மாணவர்களாக ஒளித்து வைத்திருந்தார். யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். மூன்று பையன்களையும் பாதிரியாரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். பையன்கள் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்கள். பாதிரியார் முகாமிலிருந்து விடுதலை ஆன கையோடு, உடம்பு நைந்து, 1945-ல் இறந்துபோனார்.

மால் இதைப் படமாக எடுக்க 43 வருஷம் ஆனது. 1987-ல் வந்த 'ஓ ருவார் லெஸான்ஃபான்' ('போய் வருகிறேன் பிள்ளைகளே') வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்கத்தை வாங்கியது. அதில் ஒரு காட்சி. வகுப்பில் நிற்கும் கெஸ்டபோ அதிகாரி, இங்கே யூதப் பையன் யார் என்று கேட்டுவிட்டு முதுகைத் திருப்புகிறான். கதாநாயகச் சிறுவன் தன்னையறியாமல் நண்பன் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிடுகிறான். ஒரே ஒரு பார்வைதான். அதிகாரி அதைக் கவனித்துவிடுகிறான். முடிந்தது கதை.

இந்த மனிதர் வாழ்நாள் பூராவும் 'பார்ப்பது' என்ற காரியத்தைப் பற்றியே ஏன் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு இந்தக் காட்சியைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

சினிமாவில் அவருக்கு ஆரம்பமே அமர்க்களம். கடலுக்கடியில் படமெடுக்கும் கேப்டன் கூஸ்தோவின் கப்பலில் வேலைக்குப் போனார். இருவரும் சேர்ந்து இயக்கிய 'மௌன உலகம்' 1956-ல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வாங்கியது. மாலுக்கு வயது 23! கையோடு ஆஸ்கரும் வந்தது. அடுத்து 1958-ல், தூக்குமேடைக்கு ஒரு லிஃப்ட் என்று அர்த்தம் வருகிற தலைப்பில் ஒரு கிரைம் படம். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் திரையில் ஓடும் காட்சிகளைப் பார்த்தபடியே ஒரே ராத்திரியில் டிரம்பெட் வாசித்துக் கொடுத்த இசை அதற்கு. அதே வருஷம் 'காதலர்கள்' என்று ஒரு படம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் அதைத் திரையிட்ட தியேட்டர் மேனேஜர்மீது ஆபாச வழக்கு. சுப்ரீம் கோர்ட் வரை போய் 1964-ல் விடுதலை. ஆபாசத்துக்கு விளக்கம் சொல்லத் தெரியாது, பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு நீதிபதி எழுதினாரே... சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற அந்த வாசகம் இந்த வழக்கில் வந்ததுதான்.

ஜான் மோரோ, பிரிஜித் பார்தோ, அலென் தெலோன் என்று பெரிய நட்சத்திரங்கள், பெரிய பட்ஜெட். 35 வயதுக்குள் எல்லாம் பார்த்தாயிற்று. பார்த்து, அலுத்தும் போயிற்று.

அந்த நேரத்தில், 1967 கடைசியில், பிரெஞ்சு வெளியுறவுத் துறை ஒரு வேலை கொடுத்தது. பிரெஞ்சுப் படங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு இந்தியாவில் சில நகரங்களில் போட்டுக் காட்டிவிட்டு வர வேண்டும். சம்பிரதாயமான கலாசார டூர். மாலை, மரியாதை, காபி, கைதட்டல்.

வந்தவருக்கு இந்தியா தலைகால் புரியவில்லை. புரியாததுதான் பிடித்திருந்தது. பாரிஸ் திரும்பி, இரண்டே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு 1968 ஜனவரியில் மறுபடி வந்து இறங்கினார். கேமராவுக்கு எத்தியன் பெக்கர். ஒலிப்பதிவுக்கு ஜான் க்ளோட் லோரோ. கையில் 16 எம்.எம். கேமரா. கதை கிடையாது, ஸ்கிரிப்ட் கிடையாது, திட்டம்கூடக் கிடையாது. கண்ணில் பட்டதை எடுப்பது என்று ஏற்பாடு. நாலு மாதம் சுற்றினார்கள்.

இதிலிருந்து வந்ததுதான் 'ஃபாண்டம் இண்டியா'. ஏழு பகுதிகள், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். கல்கத்தாவில் எடுத்தது தனிப் படமாகவே ஆகிவிட்டது. ஏழு பகுதிகளில் இரண்டாவது நமக்கு முக்கியம். அதன் பெயரே 'மதராஸில் கண்டவை'!

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஃபிலிம் சொசைட்டியில் அதைப் பார்த்தேன். ஃபேன் கரகரவென்று சுற்றும் ஹால், இருபது பேர். திரையில் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் தேர் வந்ததும் பின் வரிசையில் ஒரு பெரியவர், "அட, நம்ம மாட வீதி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

தேர்த் திருவிழாவை நாம் ஆயிரம் தடவை படத்தில் பார்த்திருக்கிறோம். கோபுரம், சாமி, கற்பூரம், கூட்டத்தின் கையெடுப்பு. மாலின் கேமரா சாமியைவிடத் தேர் இழுக்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறது. வடம் பிடித்த தோள்கள், வியர்வை, தேர் அசையும்போதும் நிற்கும்போதும் கூட்டத்தில் வரும் அலை. நமக்கெல்லாம் தேர் என்றால் அலங்காரம். தேருக்குப் பக்கத்திலேயே நடப்பவர்களுக்கு அது பல டன் எடையுள்ள ஒரு வண்டி. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆள் ஒரு விநாடி பிசகினால் கை போய்விடும். கட்டையை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து... தேரை வளைவில் திருப்புவது உண்மையில் அவர்தான். சாமி படத்தில் அவர் இருக்கவே மாட்டார்.

அதே பகுதியில் கலாக்ஷேத்ரா வருகிறது. ருக்மிணி தேவி 1936-ல் ஆரம்பித்த அந்தப் பள்ளியில், பயிற்சி செய்யும் மாணவிகளை மால் எடுக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மேடை இல்லை, நகை இல்லை, பாட்டு வாத்தியாரின் தட்டுக்கழி மட்டும். அதே அடவு, மறுபடி அதே அடவு. சினிமா ஸ்டுடியோவும் வருகிறது. ஏ.பி.நாகராஜன் 'தில்லானா மோகனாம்பாள்' எடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. பத்மினி ஆடுகிற காட்சி படமாவதை மால் படம் பிடித்திருக்கிறார். நமக்குத் திரையில் மூன்று நிமிஷம் ஓடும் நடனம், விளக்கு வெளிச்சத்தின் சூட்டில் துண்டு துண்டாக எப்படி உருவாகிறது என்று அதில் தெரியும்.

தேரும் நடனமும் சினிமாவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும். ஆனால், மால் மூன்றிலும் பார்த்தது ஒன்றைத்தான்... வேலை செய்கிற உடம்பு!

இதற்காக அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. 'ஃபாண்டம் இண்டியா'வில் மாலே பின்னணியில் பேசுகிறார். பேசுகிற இடங்களில் பாதி எனக்கு உடன்பாடில்லை. சாதியைப் பற்றி, மதத்தைப் பற்றி, இந்தியரின் மனசைப் பற்றி, நாலு மாதம் சுற்றிய ஒருவர் ஆறு மணி நேரம் விளக்கம் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது. அவருக்கும் அது தெரிந்திருக்கிறது என்பதுதான் ஆறுதல். முதல் பகுதிக்கு அவர் வைத்த பெயரே 'அசாத்தியமான கேமரா'. ஆரம்பத்திலேயே இங்கிலீஷ் பேசும் இந்தியர்கள் சிலர் நாட்டைப் பற்றிக் கருத்து சொல்கிறார்கள். இவர்கள் மக்கள்தொகையில் இரண்டு சதவிகிதம், மற்ற எல்லோருக்கும் சேர்த்து இவர்களே பேசுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, கேமரா மற்றவர்களிடம் போகிறது. அந்த மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? கேமராவைத் திருப்பிப் பார்க்கிறார்கள்! வெட்டாமல் அந்தப் பார்வையை அப்படியே வைத்திருக்கிறார் மால். நான் உன்னைப் பார்க்க வந்தேன், நீ என்னைப் பார்க்கிறாய்... இப்போது யார் வேடிக்கை, யார் வேடிக்கை பார்க்கிறவர்?

அவர் பேச்சை நிறுத்துகிற இடங்களில் படம் பொக்கிஷம். அவ்வளவுதான் என் தீர்ப்பு.

டெல்லிக்கு அந்தப் பொக்கிஷமும் பிடிக்கவில்லை. 1970-ல் பி.பி.சி. இந்தப் படங்களை ஒளிபரப்பியது. லண்டனில் இருந்த இந்தியர்கள் கொதித்தார்கள். வறுமையை மட்டும் காட்டுகிறார்கள், நாட்டை அவமானப்படுத்துகிறார்கள் என்று இந்திரா காந்தி அரசு கண்டித்தது. ஒளிபரப்பு நிற்கவில்லை. டெல்லியிலிருந்த பி.பி.சி. அலுவலகத்தை மூடச் சொல்லிவிட்டார்கள். திரும்பத் திறக்க சுமார் இரண்டு வருஷம் ஆனது. ஒரு டாக்குமென்ட்டரிக்காக இரண்டு நாடுகளுக்கு நடுவே இத்தனை மனஸ்தாபம். கேமராவைக் கண்டால் பயப்படுவது கம்பெனி கேட்டில் மட்டும் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

மால் இந்தியாவிலிருந்து பிரான்ஸ் திரும்பிய மாதம் எது தெரியுமா? 1968 மே!

பாரிஸில் மாணவர்கள் தெருவில் தடுப்பு கட்டி போலீஸோடு மோதிக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பத்துப் பேர் இல்லை, நூறு பேர் இல்லை. கிட்டத்தட்ட ஒரு கோடி பேர்! நாடே நின்றுபோனது. கான் விழாவில் நடுவராக உட்கார வேண்டியவர் மால். போலன்ஸ்கி முதலானவர்களோடு சேர்ந்து நடுவர் பதவியை ராஜினாமா செய்தார். விழா பாதியில் கலைந்தது.

எல்லோரும் தொழிலாளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம். மேடையில், துண்டுப் பிரசுரத்தில், சினிமாப் பத்திரிகையில் எல்லாம் தொழிலாளி, தொழிலாளி. அந்தத் தொழிலாளி காலை எட்டு மணிக்கு உள்ளே போய் என்னதான் செய்கிறார் என்று மட்டும் யாரும் நிதானமாகக் காட்டவில்லை. சர்க்கரை ஆலை வீட்டுப் பிள்ளைக்கு அது உறுத்தியிருக்க வேண்டும்.

1972 ஜூலை. மேற்கு பிரான்ஸில் பிரித்தானி பிரதேசம். ரென் நகரத்துப் பக்கத்தில் சித்ரோயன் கார் தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலையைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1960-களின் தொடக்கத்தில் அதைக் கட்டிய இடம் சுத்தமான விவசாயப் பூமி. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். கிராமம் கிராமமாகக் கம்பெனி பஸ் போய் அவர்களை ஏற்றி வரும். ஷிஃப்ட் முடிந்ததும் கொண்டுபோய் விடும். வீட்டுக்குப் போய் மாட்டையும் கவனித்துக்கொள்வார்கள்.

எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லை?

1968-ல் மால் மதராஸில் தேர் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் அவதரித்த ஊர். ஏரிப் பாசனம், நெல் வயல், பெங்களூர் போகிற வழி. பிறகு 1991 மே 21 அந்த ஊர்ப் பெயரை உலகம் முழுக்க வேறு காரணத்துக்காகக் கொண்டுபோனது. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது. 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. அதற்கப்புறம் நடந்ததை நம் தலைமுறை கண்ணெதிரே பார்த்தோம். பிரெஞ்சுக்காரர்களும் வந்தார்கள். 1665-ல் பதினாலாம் லூயி மன்னர் காலத்தில் ஆரம்பித்து, வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்துக்குக் கண்ணாடி செய்து கொடுத்த செயின்ட் கோபைன் கம்பெனி, 2000-ல் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி வார்க்க ஆரம்பித்தது. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ - நிஸான் கூட்டுத் தொழிற்சாலை திறந்தது. (2025-ல் நிஸானின் பங்கையும் ரெனோவே வாங்கிக்கொண்டது.) மால் படமெடுத்த அதே சித்ரோயன் 2021-ல் இந்தியச் சந்தைக்கு வந்தது. அந்தக் கார்கள் உருவாகிற இடம் நம்ம திருவள்ளூர்!

சரி, ரென் தொழிற்சாலைக்குப் போவோம்.

சினிமா பிறந்ததே கம்பெனி வாசலில்தான். 1895-ல் லூமியேர் சகோதரர்கள் எடுத்த முதல் படங்களில் ஒன்று, லியோன் நகரில் அவர்களுடைய சொந்தத் தொழிற்சாலையின் கேட் திறந்து தொழிலாளர்கள் வெளியே வருவது. ஒரு நிமிஷம்கூட ஓடாது. முதலாளியின் கேமரா, கேட்டுக்கு வெளியே நின்று, வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்தது. பெண்கள் நீளப் பாவாடையோடு வேகமாக நடப்பார்கள். ஒரு நாய் குறுக்கே ஓடும். முகங்கள் தெரிவதற்குள் முடிந்துவிடும்.

மால் கேட்டைத் தாண்டி உள்ளே போனார். கூடப் போனவர்கள் யார் தெரியுமா? மதராஸில் தேரைப் படம் பிடித்த அதே பெக்கர். தேர்ச் சத்தத்தை ஒலிப்பதிவு செய்த அதே லோரோ.

அந்தப் படத்தின் பெயர் 'யூமேன், த்ரோ யூமேன்'. ஜெர்மன் தத்துவஞானி நீட்சேயின் ஒரு புத்தகத் தலைப்பு. 'மனிதம், மிதமிஞ்சிய மனிதம்' என்று வைத்துக்கொள்ளலாம். 75 நிமிஷம். அதில் மால் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னணிக் குரல் கிடையாது. வாத்திய இசை கிடையாது. இந்தியாவில் ஆறு மணி நேரம் பேசியவர் இங்கே வாயை மூடிக்கொண்டார்.

இரும்புத் தகடு வருகிறது. அழுத்தி வளைக்கிறார்கள். வெல்டிங் பொறி பறக்கிறது. கதவு, சீட், கண்ணாடி... சித்ரோயன் ஜி.எஸ். கார் கொஞ்சம் கொஞ்சமாக உருவம் எடுக்கிறது. சத்தம் காதைத் துளைக்கிறது. முதலில் நமக்கே ஒரு பிரமிப்பு வரும், பள்ளிக்கூடப் பையன் தொழிற்சாலை பார்க்கப் போன மாதிரி. பிறகு படம் சட்டென்று பாரிஸ் மோட்டார் கண்காட்சிக்குத் தாவுகிறது. பளபளப்பான வண்டிகள், சுற்றி நின்று கதவைத் திறந்து மூடி, சீட்டில் உட்கார்ந்து எழுந்து, விலையையும் வசதியையும் அலசும் குடும்பங்கள். விற்பனையாளர்கள் விடாமல் பேசுகிறார்கள். பேச்சு, பேச்சு, ஒரே பேச்சு. அங்கே யாருக்கும் ரென் ஞாபகம் இல்லை.

அப்புறம்தான் மால் தன் வேலையைக் காட்டுகிறார். படம் மறுபடியும் தொழிற்சாலைக்குப் போகிறது. இந்தத் தடவை கார் எப்படி உருவாகிறது என்பதில் அக்கறையே இல்லை. ஒரு ஆள். அவர் கை. அவர் முகம். அதே அசைவு, மறுபடி அதே அசைவு. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், இன்னும் வெட்டவில்லை. தியேட்டரில் நாம் நெளிய ஆரம்பிக்கிறோம். 'புரிந்துவிட்டது ஐயா, அடுத்த சீனுக்குப் போ' என்று மனசு சொல்கிறது. லைனில் நிற்கிற அந்தப் பெண்ணுக்கு அடுத்த சீன் கிடையாது. அடுத்த வண்டிதான்.

அன்றைய பிரெஞ்சு இடதுசாரிகளில் சிலருக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. முதலாளியைத் திட்டவில்லை, சங்கத்தைப் பற்றிப் பேச்சில்லை, தீர்வு சொல்லவில்லை என்றார்கள். கம்பெனிக்காரர்களுக்கும் இது விளம்பரமாகப் பயன்பட்டிருக்காது. தொழிலாளியின் துன்பத்தை வசனமாகக் கேட்டால் நாம் உச்சுக்கொட்டிவிட்டு மறந்துவிடுவோம். எழுபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தவருக்குத் தோள்பட்டை வலிக்கும். அந்த வலியைப் பேச்சால் கொண்டுவர முடியாது என்பது என் கட்சி.

அதற்கப்புறம் மால் அமெரிக்கா போனார். 1980-ல் 'அட்லாண்டிக் சிட்டி'க்கும் வெனிஸில் தங்கச் சிங்கம். அதே வருஷம் நடிகை கேண்டிஸ் பெர்கனோடு திருமணம். 1981-ல் இரண்டு பேர் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டபடி பேசிக்கொண்டே இருப்பதை மட்டும் வைத்து ஒரு முழுப் படம் எடுத்தார், அதுவும் ஓடியது! மின்னசோட்டாவில் கிளென்கோ என்ற விவசாய ஊரை 1979-ல் படம் பிடித்துவிட்டு, ஆறு வருஷம் கழித்து அதே மனிதர்களைத் தேடிப் போய், விவசாயம் நொடித்துப்போன கதையை அவர்கள் வாயாலேயே கேட்டுச் சேர்த்தார். ஒரு தடவை பார்த்ததோடு விட்டுவிடுகிற ஆள் இல்லை. 1995 நவம்பர் 23-ல் புற்றுநோயால் பெவர்லி ஹில்ஸில் இறந்தபோது வயது 63.

திரும்ப நம்ம சாலைக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம்... இந்த வட்டாரத்துத் தொழிலாளிகளைப் பற்றி நம் கண்ணில் படுகிற படங்கள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, திறப்பு விழா. ரிப்பன், மந்திரி, மாலை போட்ட முதல் கார். தொழிலாளிகள் பின்னால் வரிசையாக நின்று கைதட்டுவார்கள். இன்னொன்று, பிரச்னை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் ஆஸ்பத்திரிக்குப் போக, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, அந்தப் படங்கள். 2024 செப்டம்பர், அக்டோபரில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் பந்தல் போட்டு உட்கார்ந்த படங்கள். ஒன்று கல்யாண ஆல்பம், இன்னொன்று போலீஸ் ரெக்கார்டு. இரண்டுக்கும் நடுவே இருக்கிற முந்நூறு சாதாரண நாட்கள்?

நோக்கியாவை நினைத்துக்கொள்ளுங்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்தது. ஆயிரக்கணக்கான பேர், அதில் பெரும்பாலும் இருபதை ஒட்டிய பெண்கள், கோடிக்கணக்கில் போன் செய்து உலகத்துக்கு அனுப்பினார்கள். நம் வீட்டு மேஜை டிராயரில் இன்னமும் உயிரோடு கிடக்கிற அந்தப் பழைய போனை ஒரு வேளை வந்தவாசிப் பெண் ஒருத்தி சேர்த்திருப்பாள். 2014 நவம்பரில் ஆலையை மூடினார்கள். பிறகு அந்த இடத்தை சால்காம்ப் வாங்கி சார்ஜர் செய்கிறது. கட்டடத்துக்கு மறுபடி வேலை வந்துவிட்டது. அந்த எட்டு வருஷம் அங்கே நின்ற பெண்களின் கை எப்படி அசைந்தது என்பதற்கு, அவர்கள் ஞாபகத்தைத் தவிர வேறு சாட்சி எங்கே? அவர்களில் பலர் இன்றைக்கு நாற்பதை நெருங்குகிற அம்மாக்கள். பிள்ளை கேட்டால் காட்டுவதற்கு ஒரு ஐ.டி. கார்டு இருக்கும்.

தொழில் ரகசியம், போட்டிக் கம்பெனி, பாதுகாப்பு... கம்பெனிகள் சொல்கிற காரணங்கள் எனக்குப் புரியாமல் இல்லை. போனில் ஸ்டிக்கர் ஒட்டட்டும். இருந்தாலும் மெஷினின் ரகசியம் வேறு, மெஷின் முன்னால் நிற்கிறவரின் முகம் வேறு. 1972-ல் ஒரு கார் கம்பெனி அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டோ, புரியாமலோ, மூன்று பேரை உள்ளே விட்டது. அதனால்தான் பிரித்தானிக் கிராமத்துப் பெண்களை அரை நூற்றாண்டு கழித்து நான் பார்க்க முடிகிறது.

போன மாசம் மறுபடி ஒரகடம் போயிருந்தேன். அதே டீக்கடை. பையனிடம் மால் படத்தின் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் என் லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். பிரெஞ்சுப் படம், ஐம்பது வருஷத்துக்கு முந்தையது, வசனமும் இல்லை... இரண்டு நிமிஷத்தில் போனை எடுத்துவிடுவான் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

"அந்த அக்காவப் பாருங்க" என்றான்.

"என்ன?"

"கையைப் பாக்கவே மாட்டேங்கறாங்க. கை பாட்டுக்குப் போய் எடுத்துட்டு வருது பாருங்க. கண்ணு எங்கியோ இருக்கு." கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு அது வர மூணு மாசம் ஆச்சு."

"கண் அப்போ எங்கே இருக்கும்?"

யோசித்தான். "எனக்கா? எங்க ஊரு ஏரிக்கரை" என்றான். பிறகு, "மாமா, இதை எனக்கு அனுப்பி விடறீங்களா? அம்மாவுக்குக் காட்டணும்."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.